அடம்பன் பூக்கட்டும், பாப்பம்

செடி வளர்க்கிறவர்களைக் கேட்டால் மண், வெயில், தண்ணீர் என்று வரிசையாகச் சொல்லுவார்கள். முக்கியமான வேலையை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. அது, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது. வீட்டுச் செடிகளில் அனேகம் கவனிப்பார் இல்லாமல் சாவதில்லை. என்னைப் போன்ற ஒருவர் விழுந்து விழுந்து கவனிப்பதால்தான் சாகின்றன.

எனக்குச் சும்மா இருக்க வராது. பிறவிக் கோளாறு. பஸ் வர இன்னும் கொஞ்ச நேரம் என்று பலகை காட்டினால், நிற்கப் பொறுமையில்லாமல் அடுத்த தரிப்புக்கு நடக்கத் தொடங்குவேன். நடுவழியில் பஸ் என்னைக் கடந்து போகும். முட்டை அவித்தால் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன் (அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது). ஒருவர் "யோசிச்சுச் சொல்லுறன்" என்றால், அவர் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் "யோசிச்சிட்டீங்களோ?" என்று போன் பண்ணுவேன்.

இப்படிப்பட்ட எனது கல்யாணம் ஒரு பூச்செடியின் கைக்குப் போனதுதான் கதை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் திருத்தும் வேலை பார்த்தேன். மாதங்கியும் நானும் ஒருவரை ஒருவர் விரும்பி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அவள் பார்மசியில் வேலை செய்தாள். தாய் இல்லை. லண்டனின் இன்னொரு பக்கம், எட்மண்டனில், தகப்பனோடும் தகப்பனின் தமக்கை பூரணம் அன்ரியோடும் இருந்தாள்.

தகப்பனின் பெயர் சிவலோகநாதன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எட்மண்டனில் ஒருவருக்கும் ஆளைத் தெரியாது. டென்மார்க்கில் கனகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டென்மார்க் அங்கிள். வீடுகளைச் சூடாக்குகிற பொயிலர் திருத்துவது தொழில். தங்கமான மனிதர். ஒரேயொரு குறை, "இல்லை" என்ற சொல் அவர் வாயில் வராது. விளையாட்டுக் கழகத்துக்குப் பொருளாளராக வரச் சொல்லிக் கேட்டார்கள். "உந்தக் குளிர் போகட்டும், பாப்பம்" என்றார். வானை விற்பீர்களா என்று ஒருவர் கேட்டார். "வானின்ரை எம்.ஓ.ரி சோதனை முடியட்டும், பாப்பம்" என்றார். கழகத்துக்கு வேறு பொருளாளர் வந்துவிட்டார். வான் இன்னும் அவரிடம்தான் நிற்கிறது.

என்னுடைய அப்பா அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்ததால், எனக்காகப் பெண் கேட்க நானேதான் போக வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழுத்துப்பட்டி எல்லாம் கட்டிக்கொண்டு எட்மண்டன் போனேன். தேத்தண்ணீர் வந்தது. வடை வந்தது. கையில் இருந்த வடையை நான் தின்னாமல் உதிர்த்து உதிர்த்து மடியெல்லாம் கொட்டிக்கொண்டு விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அங்கிள் என் முகத்தைப் பார்க்கவில்லை. யன்னலைப் பார்த்தார்.

யன்னலடியில் ஒரு அகலமான பீங்கான் சட்டியில் அடம்பன் கொடி நின்றது. பள்ளிக்கூடத்தில் ஒற்றுமையைப் பற்றிப் பேச்சுப் போட்டி வைத்தால் 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று தவறாமல் வந்து போகுமே, அதேதான். கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கிற கொடி. உப்புக் காற்று, உப்பு மண், உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் தாங்கும். யாரோ கொண்டுவந்து கொடுத்த விதையை அங்கிள் மணல் கலந்த மண்ணில் போட்டு, வெயில் படுகிற யன்னலாகப் பார்த்து வைத்து வளர்த்திருந்தார். ஆட்டுக் குளம்பு மாதிரி நடுவில் பிளந்த இலைகளோடு அது சட்டியை விட்டு இறங்கி, ரேடியேட்டரைத் தாண்டி, யன்னல் சீலைக் கம்பியில் ஏறி, சோபாவுக்குப் பின்னால் எங்கோ போய்க்கொண்டிருந்தது. எல்லாம் இருந்தது. பூ மட்டும் இல்லை. அந்த வீட்டில் ஒருவரும் அதில் ஒரு பூவைக் கண்டதில்லை.

"தம்பி, உது பூக்கட்டும். பாப்பம்" என்றார் அங்கிள்.

நான் மாதங்கியைப் பார்த்தேன். மாதங்கி கூரையைப் பார்த்தாள்.

"பூக்குமோ அங்கிள்?"

"பூக்காமல்? கடற்கரைச் செடி, கொஞ்சம் மெதுவாத்தான் மனம் வரும். ஒரு பூவை என்ரை கண்ணாலை கண்டால் போதும், அடுத்த நாளே ஐயரட்டைப் போய் நாள் பாக்கிறன். ஆனால் போனிலை படம் எடுத்துக் காட்டிற கதை வேண்டாம். போனிலை என்னத்தையும் காட்டலாம்."

இதைச் சொல்லும்போது அவர் வலது கைப் பெருவிரலைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த நகத்தடியில் எப்போதும் ஒரு பழுப்புக் கறை இருக்கும். பொயிலர் கிறீஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் சப்பாத்துப் போடும்போது மாதங்கி மெல்லச் சொன்னாள், "ரமணன், அப்பா ஓம் எண்டு சொல்லியிருக்கிறார்."

"செடி ஓம் எண்டு சொல்லவேணுமே!"

அன்றிலிருந்து நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வாரத்தில் இரண்டு தடவை ஏதாவது சாட்டுச் சொல்லி எட்மண்டனுக்குப் போவேன். யன்னலடியில் முழங்காலில் இருந்து கணு கணுவாகத் தடவிப் பார்ப்பேன். ஒன்றும் இராது. "காலமையில எழும்பித் தேத்தண்ணியோடை உதுக்குப் பக்கத்திலைதான் நிப்பான். உதோடைதான் கதை" என்று பூரணம் அன்ரி தம்பியைப் பற்றிச் சொன்னா. அப்படிப் பாசமாய் வளர்க்கிற செடி பூக்கவில்லையே என்று எனக்கு அவர்மேல் இரக்கமாகக்கூட இருந்தது (இரக்கப்பட்ட ஆளைப் பாருங்கள்).

கோடையில் ரொறன்ரோவில் அவர்களுக்கு ஒரு சொந்தக்காரக் கல்யாணம் வந்தது. அங்கிளும் மாதங்கியும் மூன்று கிழமை போய் வருவதென்று முடிவாயிற்று. அன்ரிக்கு முழங்கால் நோவு. விமானத்தில் அவ்வளவு நேரம் இருக்க ஏலாது. குனிந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் ஏலாது.

"ரமணன் வந்து பாப்பார் அப்பா" என்றாள் மாதங்கி. அங்கிளின் முகம் ஒரு மாதிரிப் போனது. செடிக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். பாதி சரி.

"தம்பி, ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்று போகிற நாள் சொன்னார். "மேல்மண் காய்ஞ்சால் ஒரு கோப்பை தண்ணி. யன்னலடியை விட்டு அசைக்காதையும். அவ்வளவுதான். ஒண்டும் செய்யாமல் இருந்தால் அதே பெரிய உதவி."

ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொல்லி என்னிடம் கேட்டார். என்னிடம்!

முதல் சில நாள் இருந்தேன். வேலை முடிந்து நேரே எட்மண்டன் போய், மண்ணைத் தொட்டுப் பார்த்து, கோப்பைத் தண்ணீர் ஊற்றி, எதிரில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். அன்ரி தேத்தண்ணீர் தந்தா. செடி என்னைப் பார்த்தது. நான் செடியைப் பார்த்தேன். காலை ஆட்டினேன். எழும்பி நடந்தேன். திரும்பி வந்து பார்த்தேன். அப்போதும் அது ஒன்றும் செய்யவில்லை.

அந்த நேரம் பார்த்து மாதங்கியின் போன் கோல் வந்தது.

"இஞ்சை ஒரு பல் டொக்டர் வந்தவர், ரமணன். அப்பா அவரோடை கன நேரம் கதைச்சுக்கொண்டிருந்தவர்."

"என்னத்தைப் பற்றி?"

"பொயிலரைப் பற்றி."

"பல் டொக்டருக்கும் பொயிலருக்கும் என்ன?"

"எனக்கென்ன தெரியும்? அவர்தான் கேட்டவர். வீடு குளிராம்."

நான் நம்பவில்லை. அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல் டொக்டருக்குப் பூ தேவையில்லை. அவருக்கு வீடு இருக்கிறது, குளிர்கிறது. எனக்கு இருந்ததெல்லாம் வாடகை அறையும் பூக்காத ஒரு கொடியும். அடுத்த நாள் வேலையில் ஒருவருடைய கம்ப்யூட்டரைத் திருத்துவதை விட்டுவிட்டு அடம்பனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். திரும்பத் திரும்ப ஒரே விஷயம்: உப்பைத் தாங்கும் செடி. உப்பு மண்ணில் வளரும் செடி. கடல் அலை படும் இடத்தில் பூக்கும் செடி.

எனக்குப் பொறி தட்டியது. பாவம் இந்தச் செடி, எட்மண்டன் குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உப்பில்லாமல் ஏங்குகிறது! (தாங்கும் என்றால் கேட்கும் என்று யார் சொன்னது? எங்கள் வீட்டிலும் என்னைத் தாங்குகிறார்கள். கேட்டு வாங்கியதாக ஒருவரும் சொல்லவில்லை.)

சனிக்கிழமை இரண்டு பெரிய பால் கான்களைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு, லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி சவுத்எண்ட் போனேன். கடற்கரைக்கு இறங்கிப் போனால் கடலைக் காணவில்லை. உண்மையாகவே காணவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. நடுவில் படகுகள் சரிந்து கிடந்தன. ஐஸ்கிரீம் விற்கிறவரிடம் கடல் எங்கே என்று கேட்டேன். வற்று நேரம், பின்னேரம் திரும்பி வரும் என்றார். நல்ல மனிதர், ஒரு கதிரையைக்கூடக் காட்டினார்.

பின்னேரம் மட்டும் காத்திருக்கிற ஆளா நான்? கடல் வராவிட்டால் நான் போகிறேன் என்று சேற்றில் இறங்கினேன். போகப் போகக் கால் புதைந்தது. ஒரு இடத்தில் வலது காலை இழுத்தேன். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. கையை விட்டுத் தேடினேன், இன்னும் ஆழமாகப் போய்விட்டது. கரையில் நின்ற சனம் எனக்குக் கை காட்டியது. திரும்பி வா என்றுதான் காட்டியிருக்க வேண்டும். நானும் பதிலுக்குக் கை காட்டினேன். கடைசியில் ஒரு பள்ளத்தில் தேங்கி நின்ற தண்ணீரை இரண்டு கானிலும் நிரப்பிக்கொண்டு ஏறினேன். பார்வைக்கு அது அன்ரி வைக்கிற புளிக்குழம்பு.

திரும்பி வரும் ரயிலில், ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் சேறுமாக, மடியில் அந்தக் கான்களோடு இருந்தேன். எதிரில் இருந்தவர் எழும்பி வேறு பெட்டிக்குப் போனார்.

கதவைத் திறந்த அன்ரி என் காலைப் பார்த்தா.

"தம்பி, மற்றச் சப்பாத்து எங்கை?"

"கடலிலை அன்ரி."

கதவை இன்னும் அகலத் திறந்து விட்டா. "தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டா.

அன்று ஒரு கான் ஊற்றினேன். இரண்டு நாள் கழித்து மற்றதையும் ஊற்றினேன். அங்கிளின் பீங்கான் சட்டிக்கு அடியில் ஓட்டை கிடையாது. ஊற்றிய உப்பு ஊற்றியபடி உள்ளேயே நின்றது. அது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அன்ரிக்கும் செடியைப் பற்றி ஒரு கவலை இருந்தது. பக்கத்து வீட்டுத் துருக்கிக்காரப் பெண் யன்னலால் எட்டிப் பார்த்து, "என்ன செழிப்பு!" என்று சொல்லிவிட்டாளாம். "நாவூறு பட்டிட்டுது தம்பி. அதுதான் பூக்குதில்லை" என்றா. வெள்ளிக்கிழமை செத்தல் மிளகாயும் கல்லுப்பும் கையில் எடுத்து, செடியை மூன்று தரம் சுற்றி, தாச்சியில் போட்டு எரித்தா. மிளகாய்ப் புகை எழும்பியதும் தலைக்கு மேல் இருந்த அலாரம் அலறத் தொடங்கியது. நான் கதிரையில் ஏறித் துவாயால் விசிறினேன். அன்ரி இருமினா. துருக்கிக்காரப் பெண் ஓடி வந்து கதவைத் தட்டினாள். அன்ரி அவளைப் பார்த்த பார்வையில் இன்னொரு தாச்சி மிளகாய் எரிந்திருக்கும்.

"இந்த நாட்டிலை ஒரு நாவூறு கழிக்க ஏலாது" என்று அன்ரி தாச்சியைக் கழுவி வைத்தா. அதோடு அந்த வேலையை விட்டுவிட்டா என்றுதான் நான் நம்பினேன்.

அதற்குப் பிறகு இலைகள் விழத் தொடங்கின. முதலில் ஓரம் கருகும், பிறகு மஞ்சளாகும், பிறகு "டப்" என்று சோபாவில் விழும். மாலையில் வந்ததும் முதலில் சோபாவைத்தான் பார்ப்பேன். விழுந்த இலைகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய் ஈஸ்ட் ஹாமில் குப்பையில் போட்டேன். மாதங்கி வீடியோ கோலில் வந்தால் நான் சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொள்ளுவேன்.

"செடியைக் காட்டுங்கோ ரமணன்."

"இப்ப நித்திரை."

"செடியோ?"

"ஓம்."

மண்ணைப் பார்த்தேன். மேலே வெள்ளையாக, கருவாட்டில் பூத்த மாதிரி உப்பு பூத்திருந்தது. பூக்க வேண்டியது பூக்கவில்லை, இது பூத்துவிட்டது. என்னுடைய இரண்டு கான் தண்ணீரில் இவ்வளவு உப்பா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சவுத்எண்ட் கடலைப் பற்றி மனதுக்குள் பெரிதாக ஒரு மரியாதை வந்தது.

உப்புக் கூடினால் நல்ல தண்ணீர் விட்டு மண்ணை அலச வேண்டும் என்று வாசித்தேன். பீங்கான் சட்டியை விட்டுக் கிளப்பி, அன்ரியின் பழைய அரிசி வாளிக்கு அடியில் ஓட்டை போட்டு அதற்குள் மாற்றி, குளியல் தொட்டியில் வைத்து ஷவரைத் திறந்தேன். கொடியின் மிச்சத்தை ஷவர்க் கம்பியில் சுற்றிவிட்டேன். உப்பு போனதோ தெரியாது. மணல் போனது. நேரே குழாய்க்குள் போய் அடைத்துக்கொண்டது. பொயிலரும் குழாயும் திருத்துகிற மனிதரின் வீட்டில் தொட்டி முழங்கால் மட்டும் நிரம்பி நின்றது. பிளம்பரைக் கூப்பிட எனக்கு வெட்கம். எட்மண்டன் பிளம்பர்கள் எல்லோரும் அங்கிளின் சிநேகிதர்கள்.

அன்ரி துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றா. "தம்பி, இண்டைக்கு நான் குளிக்கிறதோ, உது குளிக்கிறதோ?"

ஒரு வளைந்த கம்பியால் மணலைத் தோண்டி எடுத்து முடிக்க எனக்கு அரை நாள் போனது. செடியை வாளியோடு யன்னலடியில் கொண்டுபோய் வைத்தேன். நுனியில் கொஞ்ச இலை. மற்றதெல்லாம் வெறும் கயிறு. இனி அதைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. மாதங்கியை இழந்துவிட்டேன் என்று முழுசாக நம்பினேன். பல் டொக்டரின் வீட்டை மனதுக்குள் கட்டி, அதற்குப் பொயிலரும் பூட்டிவிட்டேன். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒன்றும் செய்யாமல், கையைக் கட்டிக்கொண்டு அழாக்குறையாக இருந்தேன்.

அப்போதுதான் அது அரும்பியது.

அவர்கள் வருவதற்கு முதல் நாள், நுனியில் முறுக்கிக்கொண்டு ஒரு மொட்டு நின்றது. அன்று எட்மண்டன் சோபாவிலேயே படுத்தேன். விடிந்ததும் பார்த்தால், கத்தரிப்பூ நிறத்தில், புனல் மாதிரி விரிந்த ஒரு பூ. நான் அன்ரியைக் கூப்பிட்ட சத்தத்துக்கு அலாரமே அடித்திருக்க வேண்டும். அன்ரி ஓடி வந்து (முழங்காலோடு!) கையெடுத்துக் கும்பிட்டா.

ஆனால் அடம்பன் பூ காலையில் விரிந்தால் பின்னேரம் சுருங்கிவிடும். விமானம் இறங்க நேரம் இருந்தது. அவர்கள் பெட்டி எடுத்து, டாக்ஸி பிடித்து, நெரிசலில் ஊர்ந்து எட்மண்டன் வந்து சேரும்போது பூ பூவாக இராது. படம் எடுத்துக் காட்டக் கூடாது. என்ரை கண்ணாலை காணவேணும் என்று சொன்ன மனிதர். என்ன செய்வது? வீட்டில் காத்திருப்பதா?

வாளியைத் தூக்கினேன்.

"நானும் வாறன்" என்றா அன்ரி. நீளக் கொடி நிலத்தில் இழுபட்டது. அன்ரி அதை எடுத்து என் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டா. இலையில்லாத கொடியை மாலையாகப் போட்டுக்கொண்டு, கையில் அரிசி வாளியோடு எட்மண்டன் கிரீனில் ரயில் ஏறினேன். செவன் சிஸ்டர்ஸில் மாறினோம். ஃபின்ஸ்பரி பார்க்கில் மாறினோம். அன்ரி ஒவ்வொரு படியிலும் "முருகா" சொன்னா. பிக்கடில்லி லைனில் இடம் கிடைத்தது. ரயில் ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் பூவும் குலுங்கியது. விளிம்பு சுருங்குகிறதா என்று நான் குனிந்து குனிந்து பார்த்ததில் என் மூக்கு இரண்டு தரம் பூவில் இடித்தது.

பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டு, "எவ்வளவு அழகான பூ!" என்றாள்.

அன்ரியின் முகம் மாறியது. கைப்பையைத் திறந்தா. ஒரு கடதாசிச் சுருளை எடுத்தா. அதற்குள் கல்லுப்பு. நான் வாயைத் திறக்க முன்னம் பூவை மூன்று சுற்றுச் சுற்றி, பழகிய கையால் வாளிக்குள் போட்டா.

"அன்ரி! என்ன செய்யிறீங்கள்?"

"ஏன் தம்பி? எரிக்க ஏலாது, அலாரம் அடிக்குது. குசினிச் சிங்கிலை போட்டால் துரு. உது உப்புக்குப் பழகின செடிதானே? அண்டையிலையிருந்து நாளுக்கு ரெண்டு தரம் இதுக்குள்ளைதான் போடுறனான்."

சவுத்எண்ட் கடலிடம் நான் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஹைட் பார்க் கோர்னரிலிருந்து ஹன்ஸ்லோ மட்டும் வாளிக்குள் விரலை விட்டு உப்புக்கல் பொறுக்கினேன்.

விமான நிலையத்துக்குப் போய்ப் பார்த்தால், விமானம் நேரத்துக்கு இறங்கியிருந்தது. பெட்டிகள்தான் வரவில்லை. சனங்கள் கதவால் வந்துகொண்டே இருந்தார்கள், எங்கள் ஆட்களைத் தவிர. நான் இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நடந்தேன். பூவின் ஒரு ஓரம் உள்ளே மடிந்தது. ஊதிப் பார்த்தேன். நிழலில் வைத்தேன். வெளிச்சத்தில் வைத்தேன். அன்ரி கைப்பையைத் திறக்கப் போனா; நான் பையைப் பறித்து என் அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன். இன்னொரு ஓரமும் மடிந்தது.

அப்போது கதவு திறந்து, தள்ளுவண்டியோடு அங்கிள் வந்தார். பின்னால் மாதங்கி. நான் தடையைச் சுற்றி ஓடினேன். ஓடிப்போய், பாதி சுருங்கிய அந்தப் பூவை அவருடைய மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"அங்கிள்! பூத்திட்டுது!"

அவர் பூவைப் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றார். பிறகு, திடுக்கிட்ட மனிதர்கள் யோசிக்காமல் பேசுவதுபோலப் பேசினார்.

"அதெப்பிடி? நான் போகேக்கை எல்லா மொட்டையும் கிள்ளிப்போட்டுத்தானே போனனான்!"

எங்களைச் சுற்றி ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நாலு பேரும் அசையாமல் நின்றோம்.

"அப்பா?" என்றாள் மாதங்கி.

அங்கிள் தன் பெருவிரலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அடம்பன் காம்பைக் கிள்ளினால் பால் வரும். காய்ந்தால் பழுப்பாகக் கறை பிடிக்கும். அந்த நகத்தில் ஒருநாளும் கிறீஸ் இருந்ததில்லை.

"எவ்வளவு காலமா அப்பா?"

"மொட்டு வந்த நேரமெல்லாம்" என்றார் மெல்ல. "காலமையில, நீங்கள் எழும்ப முதல். உது பூத்தால் உனக்கும் கல்யாணம் வந்திடும் எண்டு, இவர் கேக்க முதலே எனக்கொரு பயம். இவரை எனக்குப் பிடிக்காமல் இல்லை. நல்ல பொடியன். நீ போனால் வீட்டிலை எனக்கு ஆர் இருக்கினம்?"

"அப்ப நான் ஆர்? யன்னல் சீலையோ?" என்றா அன்ரி.

மாதங்கிக்குக் கோபம் வந்தது. அதற்குள் அழுகையும் வந்துவிட்டது. தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, "எட்மண்டனிலிருந்து ஈஸ்ட் ஹாம் என்ன கனடாவோ?" என்று கேட்டாள். எனக்கும் கோபம் வந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன், வரவில்லை. என்னைப் போலவே கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத ஒரு மனிதரைத்தான் எதிரில் கண்டேன். அவரை எனக்கு அன்றுதான் உண்மையாகப் பிடித்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கிள் செடியை முதல் தரமாக முழுசாகப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார்.

"அதுசரி, இலையள் எங்கை?"

நான் அன்ரியைப் பார்த்தேன். அன்ரி விமான நேரப் பலகையை வாசித்தா.

அங்கிள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீர் மொட்டைப் பற்றி வெளியிலை கதையாதையும், நான் இலையைப் பற்றிக் கேக்கேல்லை" என்றார். கொஞ்ச தூரம் வண்டியைத் தள்ளிவிட்டுத் திரும்பி, "மாலையும் போட்டுக்கொண்டே வந்திட்டீர். நாளைக்கு ஐயரட்டைப் போவம்" என்றார். அந்த இடத்தில்தான் நான் அவரை முதல்முதலாக "மாமா" என்று கூப்பிட்டேன்.

மொட்டைப் பற்றி நான் கதைக்கவில்லை. அன்ரி கதைத்தா. இன்றைக்கு எங்கள் சொந்தத்தில் யாராவது ஒரு காரியத்தைச் சாட்டுச் சொல்லி இழுத்தடித்தால், "கிள்ளுறார், கிள்ளுறார்" என்பார்கள். ரொறன்ரோவில்கூடச் சொல்கிறார்களாம். எனக்கும் பங்கு உண்டு. சாப்பாட்டு மேசையில் நான் உப்புப் போத்தலைத் தொட்டால், மாமா தன் சாப்பாட்டுக் கோப்பையைக் கையால் மூடிக்கொள்ளுவார்.

செடி சாகவில்லை. உப்பைத் தாங்கும் செடியல்லவா, எங்களையும் தாங்கியது. ஒரு கணுவில் வேர் விட்டிருந்த துண்டை மாமாவே வெட்டி, அடியில் ஓட்டையுள்ள சட்டியில் வைத்து, கல்யாணத்துக்குத் தந்தார். இப்போது ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டு யன்னலடியில் படர்ந்து நிற்கிறது. கோடையில் பூக்கிறது. மேல்மண் காய்ந்தால் ஒரு கோப்பை தண்ணீர். வேறு ஒன்றும் இல்லை. அதை ஊற்றுவது மாதங்கி. எனக்கு அனுமதி இல்லை.

போன மாதம் எங்கள் மகள் ஆரணி, பள்ளிக்கூடத்தால் வேல்ஸுக்குக் கூட்டிப் போகிறார்கள், ஐந்து நாள் அங்கேயே தங்க வேண்டும், போகட்டுமா என்று கேட்டாள். எல்லோரும் மேசையில் இருந்தோம். வேல்ஸில் மலை இருக்கிறது. ஆறு இருக்கிறது. அவளுக்கு வயது ஒன்பது.

"உந்த மழை ஒருக்கால் விடட்டும், பாப்பம்" என்றேன்.

மாதங்கி கரண்டியைக் கீழே வைத்தாள். மாமா மெல்ல எழும்பி, மேசையைச் சுற்றி என்னிடம் வந்து, தன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"மருமோன், உம்மடை பெருவிரலை ஒருக்கால் காட்டும்."

ஆரணி நேற்று வேல்ஸுக்குப் போய்விட்டாள். காலையிலிருந்து தேத்தண்ணீர்க் கோப்பையோடு நான் யன்னலடியில் நின்றுகொண்டிருக்கிறேன். நுனியில் மூன்று மொட்டு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. மாதங்கி அடுக்களையிலிருந்து, தலையைக்கூடத் திருப்பிப் பார்க்காமல், கத்துகிறாள்.

"கையை எடுங்கோ!"